வேலூர் வெயிலை விற்கிறவன்

நிழலைக் கண்டால் எரிச்சல் வருகிற தொழில் என்னுடையது. ஊரே நிழல் தேடி ஒதுங்குகிற வேலூர், ஆம்பூர் பக்கத்தில், "இங்க நிழல் விழுமா? எந்நேரத்துக்கு விழும்?" என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிறேன். சோலார் பேனல் மாட்டித் தருகிற சின்ன கம்பெனி ஒன்றில் மாடி பார்த்துச் சொல்கிற வேலை. செருப்பைக் கீழே கழற்றச் சொல்லிவிட்டு, நடுப்பகலில் மாடியில் நிற்க வைக்கிற வீடுகளைப் பற்றி சக தொழிலாளிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் உள்ளங்காலே சாட்சி சொல்லும்.

ஓசிச் சரக்கு

வேலூரில் ஒரு டீக்கடைக்காரர். கடைக்கு மேலேயே வீடு. அருமையான மாடி, காலை முதல் மாலை வரை ஒரு பொட்டு நிழல் கிடையாது. எனக்கு வாயெல்லாம் பல். சூரிய ஒளி எப்படி மின்சாரமாகிறது, அரசாங்கம் எவ்வளவு மானியம் தருகிறது, பூமிக்கு அதனால் என்ன நன்மை என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். மனிதர் பாய்லர் முன்னால் நின்று, கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்தபடி, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பேனல் மாட்டவும் சம்மதித்தார். ஆனால் என் பேச்சில் அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்.

"இந்த வெயில நீ எடுத்துக்கினு போறேன்னு சொல்ற பாரு, அது போதும் தம்பி. டீ குடி, காசு வேணாம்."

பாதாம் மரம்

ஸ்டெல்லா அக்காவின் மாடிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வாணியம்பாடிக்காரர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது கரெண்ட் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் ஆலங்காயம் ரோட்டுக் கிராமங்களில் இருந்து வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிக் கம்பெனி வாசலில் விடுவார். சாயந்திரம் அவர்களையே திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுவில் மதியம் வீட்டில் சார்ஜ் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் தெருவில் வோல்டேஜ் படுத்துவிடும், பேட்டரி நிறையாது. இரண்டு முறை சாயந்திரம் பாதி வழியில் வண்டி நின்று, அந்தப் பெண்கள் இருட்டில் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். "கிறிஸ்மஸ் வரிக்கும் பாக்கறோம்கா, அப்புறம் வேன்ல போய்க்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் போய்விட்டால் ஆட்டோவை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. மதிய நேரத்துக்கு சோலார் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால், சரியாக அந்த மதிய நேரத்துக்கு அடுத்த வீட்டுப் பாதாம் மரம் அவர் மாடி முழுக்க நிழல் விரித்துப் படுத்திருக்கிறது. வரிசையில் ஒரு பேனலில் நிழல் பட்டாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். இங்கே போட்டால் எல்லாப் பேனலும் நிழலில்தான். அடுத்த வீடு அமீன் பாய் வீடு. தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்கிறவர். விஷயத்தைச் சொன்னேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார், ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். "வெட்டிடலாம், நாளைக்கே ஆள் சொல்லிடறேன்" என்றார். இப்படி ஒரே மூச்சில் சம்மதிக்கிற பக்கத்து வீட்டுக்காரரை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று நான் பேனாவைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா அக்கா முந்திக்கொண்டார்.

"வேணாம் பாய். மரத்த வெட்டித்தான் கரெண்ட் எடுக்கணும்னா, நான் டீசல் வண்டியே ஓட்டிக்கறேன்."

விசிறி

மாடியில் பேனல் இருந்தும், தெருவில் கரெண்ட் போனால் பெரும்பாலான வீடுகளில் சோலாரும் நின்றுவிடும். இதை வாங்கும்போது எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. நின்றவுடன் போன் வரும். நமக்கு வாய்த்த சாபம் அது.

அன்றைக்கு வந்தது ஒரு நர்ஸம்மாவின் போன். ராத்திரி டியூட்டி முடித்து வந்து படுத்திருக்கிறார், ஃபேன் நின்றுவிட்டது. "மண்ட மேல வெயில் கொளுத்துது, கரெண்ட் இல்லன்னா என்னா அர்த்தம்?" என்று பிடித்துக்கொண்டார். லைன்மேன் கம்பத்தின் மேலே வேலை செய்துகொண்டிருப்பார், நம் வீட்டுக் கரெண்ட் திரும்பிப் போய் அவரை அடித்துவிடக் கூடாது, அதனால்தான் தானாகவே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இன்னும் சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நிக்கட்டும் தம்பி. கரெண்ட் அடிச்சி வர்றவங்கள நாங்க வார்டுல பாக்கறோம். நான் விசிறி எடுத்துக்கறேன்."

பொட்டு

கணியம்பாடிப் பக்கம் ஒரு விவசாயி. சோலார் பம்ப் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிறது என்று புகார். ஆயுத பூஜை முடிந்த வாரம். நிலத்துக்குப் போனேன். ஒவ்வொரு பேனலிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், மேல் சட்டத்தில் இருந்து மாலை தொங்குகிறது. திருஷ்டிப் பூசணிக்காய் வேறு கட்டி, அதன் நிழலும் விழுகிறது. எனக்கு வந்த கோபத்தில் வாளியும் துணியும் கேட்டேன். மறு பேச்சில்லாமல் அவரே கழுவினார். இனிமேல் பொட்டு இரும்புக் காலில்தான் என்று ஒத்துக்கொண்டார். கழுவி முடித்ததும் தண்ணீர் பீறிட்டு வந்தது. அவர் முகத்தில் மட்டும் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு வாட்டம்.

"டிராக்டருக்கு வெச்சேன், மம்முட்டிக்கு வெச்சேன். வெயில்ல நின்னு தண்ணி குடுக்கறதுக்கு வெக்கலன்னா அது இன்னா நெனச்சுக்கும் சார்?"

அமீன் பாயின் மாடி

அந்த வரப்பில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். வேறு வழி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வேன்காரர் வந்து பெண்களிடம் பேசிவிட்டுப் போனாராம். அக்கா அழவில்லை, ஆனால் குரல் சரியில்லை.

டிசம்பர் பிறந்த பிறகு அமீன் பாய் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து எங்க மாடிய பாருங்க தம்பி" என்றார். போனேன். ஸ்டெல்லா அக்காவும் அங்கே இருந்தார். மரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில், பாய் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அதன் நிழல் எல்லாம் வடக்கே அக்கா வீட்டின் மேல். பாயின் மாடியிலோ கால் வைக்க முடியாத வெயில். "என் மாடி சும்மாதானே கெடக்குது, இங்க போட்டுடுங்க" என்றார். பேனல் கேட்டவர் மாடியை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் யார் வீட்டு மாடியோ அவர் மீட்டரில்தான் சேர்க்க முடியும். அப்படியானால் அக்கா வாங்குகிற பேனல் பாய் பேரில் இருக்கும், ஆட்டோ பாய் வீட்டு முற்றத்தில் நின்று சார்ஜ் ஏற வேண்டும். நாளைக்கு இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வது, ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளுங்களேன் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சண்ட வந்தா வரட்டும் தம்பி. மத்தியானம் ஆனா வண்டி இங்கதானே நிக்கணும்? பேசாம எத்தினி நாளைக்கு இருப்பாங்க?"

வேன் வேண்டாம்

கிறிஸ்மஸுக்கு முன்பே வேலையை முடித்துக் கொடுத்தோம். இப்போது மதியமானால் ஆட்டோ பாதாம் மரத்தடியில் நின்று சார்ஜ் ஏறுகிறது. அந்த நிழலில் பேட்டரியும் சூடாவதில்லை என்பதை மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

புது வருஷம் பிறந்து ஒரு நாள் சாயந்திரம் ஆலங்காயம் ரோட்டில் அந்த ஆட்டோவைப் பார்த்தேன். உள்ளே சிரிப்பும் பேச்சுமாக இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா நிறுத்தினார். வேனுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். ஓரத்தில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஜோதி என்கிற பெண்தான் பதில் சொன்னாள்.

"வேன்ல ஏசி எல்லாம் இருக்குதாம்ணா. இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்காக ரெண்டு வூட்டுக்காரங்க இவ்ளோ பண்ணிட்டு, நாங்க எப்டி வேன்ல ஏறுவோம்?"

இப்போது அந்தத் தெருவில் இன்னும் சிலர் கரெண்ட் வண்டி வாங்கிவிட்டார்கள், மதியமானால் அத்தனையும் அமீன் பாய் வீட்டு முற்றத்தில்தான் நிற்கின்றன, தெருவுக்கு ஒரு அமீன் பாய் இருந்து, ஒரே மாடி எல்லோருக்கும் போதும் என்றாகிவிட்டால் நான் என் கடையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.