முப்பது கிலோவுக்குள் அடங்காத ஒயர்கள்

மாலை நான்கு மணி இருபது நிமிடம். மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், மகளின் மேசைமேல் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டருக்குள் அந்தப் பவர் சப்ளை உட்கார்ந்திருந்தது. செங்கல்லைவிடக் கனமான கறுப்பு இரும்புப் பெட்டி. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், துபாயிலிருந்து ஒரு புதுக் கைலியில் சுற்றி அதைக் கொண்டுவந்திருந்தார். வெளியே சாரல். “சுவிட்சைப் போடுங்க சார், உங்க கையாலயே போடுங்க” என்றார் நான் கூட்டிவந்திருந்த மெக்கானிக். போட்டேன். காற்றாடி அரைச் சுற்று சுற்றியது. ‘டப்’ என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வீட்டில் யார் எந்த சுவிட்சைப் போட்டாலும் நான் முதலில் மோந்துபார்க்கிறேன்.

மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு, இன்னும் கட்டாத வீட்டைப் படமாகக் காட்டுகிற வேலை என்று சொல்வேன். அச்சன்புதூர்க்காரர் ஒருவர் சவுதியில் இருப்பார். ஊரில் வீடு கட்டுவார். வாசல் எப்படி இருக்கும், மாடியில் நின்றால் மலை தெரியுமா என்று அங்கிருந்தே பார்க்க ஆசைப்படுவார். இவள் வரைபடத்தை வாங்கி, அந்த வீட்டுக்குள் நடந்துபோவதைப் போலவே ஒரு படம் செய்து அனுப்புவாள். இரண்டு வருடமாக இதைச் செய்து பெயர் எடுத்துவிட்டாள். கொச்சியில் உள்ள ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை முழுதாகச் செய்து காட்டச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் கொடுத்தால், வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. அத்தனை பெரிய படத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போதாது. இரண்டு வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கிற மாதிரி பவர் சப்ளை வேண்டும்.

அதைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு முழுத்தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கார்டு ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது வாட் தின்னும். ஆனால் கண் இமைக்கிற நேரத்தில் திடீரென்று இரண்டு மடங்கு கேட்கும். அப்போது கொடுக்க முடியாத பெட்டி அணைந்துபோகும், அல்லது சூடேறும். மற்றதையும் கூட்டி ஆயிரத்து அறுநூறு வாட் என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஒயர் போக வேண்டும், ஒரே ஒயரைக் கிளை பிரித்து இரண்டுக்கும் மாட்டக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தாள். அந்த அறைக்கென்று தனி லைன் இழுக்கவும் வைத்தாள். தென்காசிக் கடையில் அதே வாட் எழுதிய ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார்கள். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்ல வாப்பா, டப்பா மாதிரி இருக்கு” என்று வைத்துவிட்டாள். தனக்கு வேண்டியதைச் சென்னையிலிருந்து பில்லோடு வரவழைக்கப் போவதாகச் சொன்னாள்.

நான் விட்டேனா? “மாமா அடுத்த வாரம் வாராக. அங்கன இருந்தே கொண்டாரச் சொல்லுவோம். சாமான்னா அங்க உள்ள சாமான்” என்றேன். எந்தச் சாமானைப் பற்றியும் இந்த வீட்டில் கடைசி வார்த்தை அதுதான். என் கல்யாணத்துக்கு எமர்ஜென்சி லைட் வந்த காலத்திலிருந்தே அதுதான்.

மச்சானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கிறார். விமானத்தில் முப்பது கிலோதான் விடுவார்கள் என்பது அவருடைய வாழ்க்கையின் பெரிய சட்டம். அந்த முப்பதுக்குள் ஒரு தெருவின் ஆசையையே அடக்குவார். பால்பொடியை டப்பாவிலிருந்து கொட்டிப் பையில் கட்டுவார். செண்ட் பாட்டில்களைக் காலுறைக்குள் திணிப்பார். பொம்மைக் காரின் அட்டையைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வருவார். “காசு குடுத்து அட்டையத் தூக்கிட்டு வாரவன் பைத்தியக்காரன் மாப்ளே” என்பார். அவர் பெட்டியைத் திறக்கும் நாளில், எதை எதற்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்ப்பதே எங்களுக்குப் பாதி சந்தோஷம். அந்தத் திறமையைக் கண்டு இருபது வருடம் கைதட்டியவன் நான்.

பவர் சப்ளைக்கும் அதையே செய்தார். அட்டைப் பெட்டியைக் கழித்தார். உடன் வந்த ஒயர்களை எல்லாம் ஒரு பையோடு அங்கேயே விட்டுவிட்டார். “ஒயர்தானே மாப்ளே, நம்ம ஊர்ல கிடைக்காத ஒயரா?” வந்த மூன்றாம் நாள் அவர் சவுதியில் உள்ள தம்மாமுக்குப் போகிற ஒருவருக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கத் திருநெல்வேலி போனார். பத்து நாள் விடுமுறை முடிந்ததும் துபாய்க்குத் திரும்பியும் போய்விட்டார். மகள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மாமாட்ட அந்த ஒயரை அனுப்பச் சொல்லுங்க வாப்பா. அது வரட்டும்” என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, மச்சானிடம் சொல்லவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் இலத்தூருக்குத் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள்தான் அந்த ‘டப்’ கேட்ட நாள். திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். இதுதான் என் திட்டம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் வேறு ஏதோ பெட்டியின் ஒயர்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். “அண்ணாச்சி, வேற கம்பெனி ஒயர் போடலாமா?” என்றேன்.

“ஏன் சார், ஓட்டையில பொருந்துதா இல்லியா?”

“பொருந்துது.”

“பொறவு என்ன? ஆகாதுன்னா பொருந்துற மாதிரியா செய்வான்? அவன் என்ன கிறுக்கனா?” சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். “வேற டிஸ்க் எதும் கிடக்கா சார்? கையோட மாட்டிருவோம்.”

கிடந்தது. மகள் தன் வேலையெல்லாம் இன்னொரு பிரதியாக எடுத்து, மேசை டிராயரில் துணியில் சுற்றி வைத்திருந்த டிஸ்க். நானே எடுத்துக் கொடுத்தேன்.

சத்தம் வந்த பிறகு அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “சாரல் நேரம்லா சார், கரண்டு ஏறி இறங்குது. இங்கன கரண்டே சரியில்ல” என்றார். ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியிறங்கினார். கரண்டாம்! கீழே என் மனைவி மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகள் ஆறு மணிக்கு வந்தாள். கையில் தாம்பூலப் பை. படியேறும்போதே வாடை தெரிந்திருக்க வேண்டும், செருப்போடு மாடிக்கு வந்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. டிராயரைத் திறந்தாள். துணி மட்டும் இருந்தது. “இதுல இருந்தது எங்க வாப்பா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க்கையும் அந்தப் பிரதி டிஸ்க்கையும், திருவனந்தபுரத்தில் டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிற ஒருவரிடம் நானே கொண்டுபோனேன். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு “சாரே, ரெண்டும் போயி” என்றார். பவர் சப்ளை தப்பிவிட்டது, எரிந்தது டிஸ்க்குகள்தான்: ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போயிருக்கிறது. ஒயரின் டிஸ்க் பக்க முனைக்குத்தான் உலகம் முழுக்க ஒரே முறை. பவர் சப்ளை பக்க முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பம்போல வைத்துக்கொள்கிறது. ஓட்டையின் வடிவம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்றுவரை அளவில்லை. மாற்றிப் போட்டால் எரியும் என்று தெரிந்தே, மாற்றிப் போடும்படி ஒரு பொருளைச் செய்கிற மூளை எது? ஸ்கூட்டருக்குள் டீசல் ஊற்றினால்கூட வண்டி இருமிவிட்டு நிற்கும். இங்கே இரண்டு வருட உழைப்பு ஒரு நொடியில் போய்விட்டது. அதை எழுதிய எச்சரிக்கைத் தாளும் அந்த அட்டைப் பெட்டிக்குள்தான் இருந்ததாம், மச்சான் கிழித்துப் போட்ட பெட்டிக்குள்.

ஆஸ்பத்திரிப் படம் மாதக் கடைசிக்குள் போகவில்லை. கொச்சிக்காரர்கள் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். மகள் பழைய கம்ப்யூட்டரில், ஒரு வாசற்படியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். டிராயருக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள்.  சாப்பிட வா என்றால் வந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

நான் என் கோபத்தைப் போனில் தீர்த்தேன். “ஒரு கிலோ ஒயர் உங்களுக்குப் பாரமாப் போச்சா மச்சான்? எம் புள்ள வாழ்க்கையத் தூக்கிப் போட்டுட்டு வந்தீகளே!” என்று கத்தினேன்.  அவர் நிதானமாகப் பேசினார்.

“மாப்ளே, ரூம்ல பெட்டி கட்டி எடை போட்டப்ப ஒண்ணேகால் கிலோ கூட இருந்துச்சு. ஒயரை எடுக்கவா, இல்ல நீங்க வாய்ஸ் மெசேஜ்ல ரெண்டு தடவை சொன்ன பேரீச்சம்பழத்தை எடுக்கவான்னு நின்னேன். பேரீச்சம்பழம் கேட்டது நீங்க. ஒயரை யாரும் கேக்கலயே.”

போனை வைத்துவிட்டேன். அந்த மெசேஜை நானே தேடிக் கேட்டேன். இரண்டு தடவை அல்ல, மூன்று தடவை சொல்லியிருந்தேன். கொட்டை சிறிதாக இருக்கிற வகை என்று விளக்கம் வேறு. மகள் கொடுத்த முழுத்தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியதும் நான்தான். பக்கம் பெரிதாக இருந்ததால் மேல்பாதியை மட்டும் எடுத்திருக்கிறேன். ‘ஒயர் அனைத்தும், பெட்டியோடு’ என்று கீழ்ப்பாதியில் சிவப்பு மையில் இருக்கிறது. மெக்கானிக் மேலும் மச்சான் மேலும் கம்பெனிக்காரன் மேலும் நான் பட்ட கோபம் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் சுவிட்சைப் போட்ட விரல் என்னுடையது, டிராயரைத் திறந்ததும் அதே கைதான்.

நான்கு மாதம் நானும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை; வீட்டில் நடப்பதையெல்லாம் என் மனைவிதான் தன் அண்ணனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, வாசலில் ஆட்டோ நின்றது. மச்சான். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உருட்டிக்கொண்டு வருகிற பெரிய பெட்டி இல்லை. தோளில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். என்னைத் தாண்டி, என் சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, நேரே மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஏறினேன். மகளின் மேசையில் அந்தப் பையைக் கவிழ்த்தார். கறுப்புக் கறுப்பாக ஒயர்கள், நான்கு மாதமாக அவருடைய கட்டிலுக்கடியில் கிடந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, எங்கே மாட்டுவது என்று யாரையோ கேட்டுக் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். பக்கத்தில், மகள் கழற்றி மறுபடியும் அதே கைலியில் சுற்றி வைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டி.

மகள் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எண்ணிப் பாத்துக்கோம்மா, பதினாறு இருக்கு. மாட்டிட்டு நீயே சுவிட்சைப் போடு. டிராயர் சாவிய மட்டும் உங்க வாப்பா கையில குடுத்துறாத.”