மகரிஷின்னே எழுதுங்க

செமோர் சாலையில் எனக்கு முன்னால் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி போய்க்கொண்டிருந்தது. அந்தப் புளித்த நாற்றம் காருக்குள் வந்ததும் அம்மா நினைவுக்கு வந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்தில் பிறப்புப் பதிவுப் பாரங்களை ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணிதான் நிரப்புவார். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து முடித்த அம்மா, பால் வாளியோடு என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். புதிதாகப் பிறந்த தம்பிக்கு மகரிஷி என்று பெயர் சொன்னார்.

கிராணி சிரித்தார். "மகரிஷின்னா பெரிய முனிவரு. மரம் வெட்டுற வீட்டுக்கு எதுக்குலா? முனியன்னு போட்டுறேன்."

"பூசாரிக்கிட்ட கேட்டுட்டேன் ஐயா. ரிஷின்னா உண்மையப் பாத்தவரு. அவங்கள்ல பெரியவரு மகரிஷி. நாங்க பாக்காத உண்மையா? அதையே எழுதுங்க."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். அம்மா நகரவில்லை. வாளியில் பால் உறைந்து புளிக்கத் தொடங்கியது.

"பால் கெட்டுப்போவுது, போம்மா."

"கெடட்டும் ஐயா."

கடைசியில் எழுதினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பாரத்தை வாங்கி என்னிடம் நீட்டி, "சத்தமா படி" என்றார். வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

தம்பி இப்போது ஈப்போவில் வேலை செய்கிறான். புது மேனேஜர் 'ரிஷி' என்று சுருக்கிக் கூப்பிட்டாராம். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடும்வரை இவன் திரும்பிப் பார்க்கவில்லையாம்.