உறை பிரிக்காத ரிமோட்

நன்னிலம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்று எழுதிப் போட்டு வாங்கியதே நான்தான். இன்று அதில் பின்னக் கணக்கு வீடியோ ஓடும்போது, கடைசி பெஞ்சில் ஒரு சின்னக் கை பாதி எழுந்து, தானாகவே இறங்கிவிட்டது.

நான் ஐந்தாவது படிக்கும்போது வகுப்புக்கு டிவி வந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசம், ஜன்னலுக்கு வெளியே அறுவடை மெஷின் சத்தம். பாடத்தைப் போட்டுவிட்டு, பாலித்தீன் உறை போட்ட ரிமோட்டைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். டிவியைத் தொட எங்கள் டீச்சருக்கே பயம்.

என் பக்கத்தில் உட்காரும் சபீனா கை தூக்குவாள். "டீச்சர், புரியல. கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"என்னால நிறுத்த முடியாதும்மா. பேசாம பாரு."

"டிவிகிட்டயே கேளுடி" என்று ஒரு நாள் சொன்னது நான்தான். வகுப்பே சிரித்தது. அப்புறம் அவள் கை எழவே இல்லை. பார்வையிட வந்த அதிகாரி, வகுப்பு எவ்வளவு அமைதி என்று பாராட்டினார். அடுத்த வருஷம் சபீனா பள்ளிக்கே வரவில்லை.

இன்று என் வகுப்பிலும் அதே அமைதி. ரிமோட் என் கையில்தான் இருந்தது, வந்த உறையைக்கூடப் பிரிக்காமல்.

நாளை உறையைப் பிரித்து அதைக் கடைசி பெஞ்சில் கொடுக்கப் போகிறேன். புரியாதவர்கள் நிறுத்தட்டும். ஒருவரும் நிறுத்தாமல் பாடம் ஓடி முடிந்துவிடுமோ என்பதுதான் பயமாக இருக்கிறது.