சிறந்த அக்கா

எங்கள் ரைஸ் மில்லில் எனக்கு 'அக்கா' பட்டம் கொடுத்தவர் எச்.ஆர். தமிழ்மாறன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பழைய ஆள் ஒருத்தி ஆறு மாதம் அக்காவாக இருக்க வேண்டும். வேலை சொல்லித்தர வேண்டும், மனம்விட்டுப் பேச வேண்டும், மாதா மாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் வேலையில் ஒட்டுதல் வருமாம். வந்தது, நன்றாக வந்தது!

எனக்கு வாய்த்தவள், நெல் பரிசோதிக்கிற லேபுக்கு வந்த எழில்மொழி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரி, கெமிஸ்ட்ரி பட்டதாரி. அப்பா இளையபெருமாள் நெல் மூட்டை தூக்குகிறவர், அம்மா நடவுக்குப் போகிறவள். அவர்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் இவள்தான். "பர்மனன்ட் மட்டும் ஆயிட்டா போதுங்கக்கா, எங்கப்பாவ மூட்டைய எறக்கி வைக்கச் சொல்லிருவேன்" என்று வாய்க்கு வாய் சொல்வாள்.

கெட்டிக்காரி. சாம்பிள் நெல்லைக் கையில் அள்ளியதுமே ஈரப்பதம் சொல்லிவிடுவாள். "ஏண்டி, மீட்டர வித்துடலாமா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள், சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிடும்.

ஐந்தாம் மாதம், ஒரு டீ நேரத்தில் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள். "நெல்லுத் தூசி ஆகலக்கா, இழுப்பு வருது. வயக்காட்டுல பொறந்துட்டு இதச் சொன்னா சிரிப்பாங்க. வீட்ல சளின்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. சாம்பிள் கொட்டுகிற அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. படிவத்தில் 'ஊழியரின் சிரமங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ்மாறனிடம் போய், "இத யாரு சார் படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நான் மட்டுந்தாங்க. அவங்களுக்கு நல்லது செய்யத்தானே கேக்குறோம்? தயங்காம எழுதுங்க."

எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன். 'எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் நல்லது' என்று கீழே யோசனை வேறு, பெரிய அறிவாளி மாதிரி.

ஃபேன் வரவில்லை, கடிதம் வந்தது. உடல்நிலை காரணமாக எழில்மொழிக்குப் பணி நிரந்தரம் இல்லையாம், ஆறு மாதத்தோடு சரியாம். தமிழ்மாறனிடம் ஓடினேன். "நல்லது செய்யத்தான்னு சொன்னீங்களே சார்!"

"அவங்க ஒடம்புக்கு இதுதாங்க நல்லது" என்றார் பாவி, முகம்கூட மாறாமல்.

அந்த வாரமே மீட்டிங்கில் எனக்குச் 'சிறந்த அக்கா' கேடயம் கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவள் நான் ஒருத்திதானாம்.

கடைசி நாளன்று எழில்மொழி பஸ்ஸுக்கு நின்றாள். "ஃபேன் வைப்பாங்கன்னு நெனச்சேண்டி" என்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வீட்ல கூடச் சொல்லலியேக்கா. ஒங்கள்ட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். இளையபெருமாள் இன்னும் மூட்டை தூக்குகிறார்.

போன வாரம் சுமையா என்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். அவளுக்கும் நான்தான் அக்கா. டீ நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, சொல்லாத" என்றேன்.