கரடி சொன்ன பதில்

போர்க்காலத்தில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் எப்போதும் ஓர் உறவினர் வெளிநாடு போகக் காத்திருப்பார். அந்த ஆண்டு சித்தப்பாவின் முறை. சித்தியும் மகளும் ஏற்கெனவே குளிர்நாடு ஒன்றில் இருந்தார்கள். தூதரக நேர்முகத்தில் தேறினால் இவரும் போகலாம். தவறினால், மகள் அப்பாவைத் தொலைபேசிக் குரலாகவே அறிந்து வளர வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. "அரசாங்கக் கச்சேரியிலை இருபது வருசம் இங்கிலிசிலை ஃபைல் எழுதினனான். எனக்கு ஏன் மொழிபெயர்ப்பாளர்?" என்று சீறினார் சித்தப்பா. எழுதியது உண்மை. பேசியதுதான் இல்லை.

ஆகவே, யாழ்ப்பாணத்தார் எந்தச் சோதனைக்கும் செய்வதையே செய்தார்: வரிவரியாகப் பாடமாக்கினார். வீட்டிலிருந்த ஒரே ஆங்கிலக் கதைப்புத்தகம் எனக்குப் பள்ளியில் பரிசாகக் கிடைத்த சிறுவர் நாவல். சர்க்கஸ் கரடியொன்றும் இரண்டு குரங்குகளும் நல்ல வாழ்வு தேடி, கரடியின் குட்டி இருக்கும் காட்டுக்குத் தப்பியோடும் கதை. பல் துலக்கும்போதுகூட எங்கள் வீட்டில் கரடி பேசியது. பத்து வயதான நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிழை திருத்தினேன். முதல் ஆறு அத்தியாயம் போதும், மிச்சம் சோதனைக்கு வராது என்று அவரே தீர்மானித்துவிட்டார்.

நேர்முகத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். பிள்ளையோடு போகிற ஆணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் அரசியல் ஞானம்.

நான் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் வேர்வை.

"ஏன் போக விரும்புறீர் எண்டு கேட்டான், பிள்ளை. தயார்படுத்தினது எல்லாம் மறந்துபோச்சு. கரடி சொன்னதைச் சொல்லிப்போட்டன்."

எனக்கு அந்தப் பக்கம் நினைவிருந்தது. தடியைக் கண்டதும் ஆடி ஆடிக் களைத்துவிட்டேன், யாரும் ஆடச் சொல்லாத இடத்தில் என் குட்டியோடு இருக்க வேண்டும்: இதுதான் கரடியின் வசனம்.

"பிறகு?"

"ஃபைலிலை மகளின்ரை பேரை ஒருக்காப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை வந்து விசாவை எடுக்கட்டாம்."

திரும்பும் வழியில், பம்பலப்பிட்டி சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்த சிப்பாய் சித்தப்பாவைத் தனியே நிறுத்தித் தடியை உயர்த்தினான். இவர் இரண்டு கைகளையும் தூக்கினார். தடி காற்றில் ஒரு வட்டம் போட்டது. இவரும் ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மாவின் ஞானம் அங்கே செல்லுபடியாகவில்லை. கரடி ஆடும் பக்கங்களில் எத்தனை முறை சிரித்திருப்பேன்! அன்று எனக்கு அழுகை வந்தது.

பஸ்ஸில் மறுபடி ஏறியதும் சித்தப்பா சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"கடைசி அத்தியாயம் நான் வாசிக்கேல்லை. காட்டுக்குப் போன பிறகு கரடி ஆடுறதை விட்டுட்டுதோ?"

விடவில்லை. காட்டில் ஒரு கிளை அசைந்தாலே எழுந்து நின்று சுற்றும்.

"ஓம் சித்தப்பா," என்றேன். "விட்டுட்டுது."