சுவரோரத்துச் சருகு

வீட்டுக்குப் பின்னால் சுவர் வைத்தது என் மகளுக்காகத்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து பற்றிக்கொண்டதில் அவளுக்கு முகத்தில் ஒரு பாதியும், கழுத்தும், இரண்டு கைகளும் வெந்துபோயின. மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்து உயிரோடு வந்தாள். வந்தவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் கொல்லைக்கு எதிரேதான் கம்பெனி வேன் நின்று ஆள் ஏற்றும். வேனுக்குக் காத்து நிற்கிற அத்தனை பேரின் கண்ணும் கொல்லைக்குள்தான் இருக்கும். அதனால் என் தம்பி ஆள் பிடித்து, ஹாலோபிளாக் கல்லில் தலை தெரியாத உயரத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தான்.

பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் கொடுத்தாள். "என்ன மதினி, கோட்டையே கட்டிட்டீக! இனி உங்களைப் பாக்கணும்னா மனு எழுதிக் கொண்டாரணுமோ?"

உள்ளே என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கால் மணி நேரம்கூட உட்காரவில்லை.

"சுவரு அனலா அடிக்கும்மா. நான் உள்ளயே இருந்துக்கிறேன்."

வெந்து ஆறின தோல் வேர்க்காது. சூடு உள்ளேயே நின்று அரிக்கும், எரியும். நான் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பொழுது அடைந்தும் தோசைக்கல் மாதிரி இருந்தது. செடி வைத்து, கொடி ஏற்றி, அந்தச் சுவரை மூடிவிட்டால் இருப்பாள் என்று தோன்றியது. நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அவளை முதன்முதலில் கூட்டிப்போனவள் நான்தான். அவள் கொல்லையில் வந்து காற்றாட உட்கார்ந்தால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை.

பஸ் ஏறிச் சாத்தூரில் ஒரு நர்சரிக்குப் போனேன். அயலாரிடம் வாய் திறந்து பேச எனக்கு வராது. செடிகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"ஏத்தா, வந்து அரைமணி நேரமா நிக்கீக. செடிகிட்டக் கேட்டா அது பதில் சொல்லாது. என்கிட்டக் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

"சுவரை மறைக்கணும்" என்றேன்.

அவர் முதலில் காகிதப்பூவைக் காட்டினார். "கரிசலுக்கு இதுதான் ராஜா. தண்ணி கேக்காது, வெயிலுக்கு அஞ்சாது." கீழே கலர் கலராகப் பூ உதிர்ந்து கிடந்தது. வெடி சுற்றும்போது விழுகிற தாள் துண்டுகளைப் போலவே இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அடுத்து அரளியைக் காட்டினார்.

"அரளி வேண்டாம்."

"ஏன்? நாலுவழிச் சாலை நடுவுல பூரா அதுதான நிக்கு. ஆடு மாடுகூட வாய் வைக்காது."

"வேண்டாம்யா."

அவர் விடாமல் காரணம் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், மேலத்தெரு அரளி இன்னும் நிற்கிறதா என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் நந்தியாவட்டை இரண்டு, செம்பருத்தி ஒன்று, ஏறுவதற்கு ஒரு ரங்கூன் மல்லி என்று வாங்கி வந்தேன். ஐப்பசி மழையில் வைத்ததால் எல்லாம் பிடித்துக்கொண்டன. கொடிதான் முதலில் கிளம்பியது. அது தரையில் புரண்டு கிடந்ததை என் மகள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு மத்தியானம் வெளியே வந்தாள்.

"தள்ளு, நான் கட்டுறேன்."

அவளுக்கு விரல்கள் ஒட்டிப்போய் மடங்காது. பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை இரண்டு மணிக்கட்டாலும் இழுத்து, சுவரில் அடித்திருந்த ஆணியில் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சுக்கே நெடுநேரம் ஆனது. உதவப் போனால் முறைத்தாள். அடுத்த ஐப்பசிக்குள் பாதிச் சுவர் மூடிவிட்டது. சாயங்காலம் நாற்காலி போட்டுப் பூவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்புறம் மாசி வந்தது. கொடியில் இலையெல்லாம் பழுத்துக் காய்ந்து, சுவரோரம் சருகாகக் குவிந்தது.

கம்பெனியில் மாசி பிறந்துவிட்டால், வேலை நடக்கிற ரூமைச் சுற்றி ஒரு புல், ஒரு காய்ந்த இலை இருக்கக் கூடாது. வெட்டினால் துளிர்க்கும், வேரோடு எடுங்க என்று போர்மேன் கூடவே நிற்பார். முப்பது வருஷம் அந்த வேலை செய்த கை இது. சருகைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஒருநாள் விடியற்காலை, அவள் எழுவதற்கு முன்னால், மண்வெட்டியை எடுத்தேன். கொடியை அறுத்து இறக்கி, வேரையும் தோண்டி எடுத்தேன். சருகின் மேல் தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டினேன். கம்பெனியில் அப்படித்தான் செய்வோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வெறும் சுவரைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் வந்து பார்த்தாள்.

"காஞ்சு போச்சுடி. அதான்."

"எங்கம்மா காஞ்சது? இலைதான உதிருது." ஒரு தண்டை எடுத்துப் பல்லால் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சையாக இருந்தது. "கம்பெனியை வீட்டுக்கே கொண்டாந்துட்டியே!"

"பத்திக்கிட்டா என்ன செய்ய?"

"இங்கன என்ன மருந்தா கொட்டிக் கிடக்கு, பத்துறதுக்கு? எரிஞ்சவ நானு. எனக்கே பயமில்ல. உனக்கென்ன?"

அவள் சாக்கைப் பிரித்து, தான் போட்ட முடிச்சுகளைத் தேடித் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இருபது நாள் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. சோற்றுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

வெட்டிப்போட்ட தண்டுகளில் ஏழெட்டை அவள் எனக்குத் தெரியாமல் மண் பையில் ஊன்றியிருக்கிறாள். ஒன்றுதான் துளிர்த்தது. அதைப் பழைய இடத்திலேயே வைத்தாள். "கூட்டுறேன்னு வாரியக்கோலைத் தூக்கிக்கிட்டுச் சுவர்ப் பக்கம் வந்துறாத" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது கொடி சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்குகிறது. மாசியில் இலை உதிர்கிறது. யாரும் அள்ளுவதில்லை. காற்றில் அது சரசரக்கும்போது அடுப்படியில் நிற்கிற நான் அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள். "வாம்மா, வந்து உக்காரு. குளுகுளுன்னு இருக்கு."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், என் கை கீழே போய்ச் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

"அடுப்புல பால் கிடக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுப்பில் பால் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.