பழகாத சப்பாத்து

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தங்கையின் பிள்ளை. அவனில் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. இத்தனை பேரை வளர்த்து ஆளாக்கியவளுக்கு ஒரு சோடி சப்பாத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை இருக்கும் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் இல்லை.

நான் இருப்பது கடல் கடந்த வெள்ளைக்கார நாட்டில், ரோவில் என்ற ஊரில், கடைசி மகனோடு. ஐம்பது வயதுக்கு மேல் அவனுக்கு வேட்டை ஆசை பிடித்திருக்கிறது. வேலைத்தலத்து வெள்ளைக்காரர் இரண்டு பேரோடு அடுத்த மாதம் மலைக்கு மரைமான் சுடப் போகிறானாம். அந்த மரையும் எங்கள் பக்கத்து மரைதானாம். ஒரு காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள், காடு முழுக்கப் பெருகிவிட்டது என்றான். எங்களுக்கு முன்னமே வந்து குடியேறியிருக்கிறது. விசா என்று அதை ஒருவரும் அலைக்கழிக்கவில்லை.

போன சனிக்கிழமை சப்பாத்து வாங்கப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். மூன்று கடை. முதலாவதில் அடி மெத்தென்று இருந்தது. கல்லில் வளைந்து கொடுக்கும் என்று விட்டான். இரண்டாவதில் கணுக்காலைப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் ஒரு தாடிக்காரப் பெடியன், தடித்த காலுறை போடவைத்து, சரிவுப் பலகையில் இவனை ஏற்றி இறக்கி, விரல் முன்னுக்கு முட்டுகிறதா, குதிக்கால் மேலே எழும்புகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். தையல் குறைந்த, கணுக்காலுக்கு மேலே ஏறிய தோல் சப்பாத்து ஒன்றை அவனே எடுத்துக் கொடுத்தான். இரண்டு மூன்று கிழமை வீட்டுக்குள் போட்டு நட, பிறகு தெருவில் நட, அதற்குப் பிறகுதான் மலை என்றும் சொன்னான். மகன் தலையாட்டினான். எனக்குத் தமிழிலும் சொன்னான்.

வீட்டுக்கு வந்தான், பெட்டியோடு கராஜில் வைத்துப் பூட்டினான்.

"போட்டு நடவன்ரா."

"புதுசம்மா. மலைக்குப் போகேக்கை போடுறன்."

"வீட்டுக்குள்ளை போட்டு நடக்கச் சொல்லி அந்தப் பெடியன் சொன்னவனெல்லோ?"

மருமகள் குசினிக்குள் சமைத்தபடியே குரல் கொடுத்தாள். "சாமி இருக்கிற வீட்டுக்குள்ளை சப்பாத்தோ மாமி? நல்லாயிருக்கு!"

"அப்ப வெளியிலை நடக்கட்டும்."

"மழையம்மா. ஊத்தையாப் போயிடும்."

கேட்டீர்களா? மலையில் இவனுக்கு யாரோ பாய் விரித்து வைத்திருக்கிறார்கள் போல. ஐந்து நாளாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என்றாலும் வாயால் சொல்லிக் கேட்காதவர்கள் எழுதி வைத்தால் கேட்பார்கள் என்று பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு எழுத இருந்துவிட்டேன்.

இது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. வவுனியாவுக்கு அங்கால், குளத்தோடு ஒட்டியது எங்கள் ஊர். அங்கே சப்பாத்துப் போட்ட கால் என்றால் அது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருடைய கால்தான். அப்பாவின் தம்பி எங்களோடு இருந்தார். சித்தப்பா தடம் பார்ப்பதில் சூரன். மிதிபட்ட புல்லைத் தொட்டுப் பார்த்து, மரை போய் எவ்வளவு நேரம் என்று சொல்லுவார். அந்தக் கெட்டித்தனம் எப்படியோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் காதுக்குப் போயிருந்தது. பத்து நாள் மலையில் வேட்டை. தடம் பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஆளைப் பிடித்துப்போனால் நிரந்தர வேலை, இருக்க வீடும் உண்டு என்று சொல்லி அனுப்பினார். ஒரேயொரு நிபந்தனை, வெறுங்காலோடு வரக்கூடாது. முன்பு வந்தவன் கல்லில் காலைக் கிழித்துக்கொண்டு துரைக்கே பாரமாகிவிட்டானாம்.

சித்தப்பாவுக்குப் பக்கத்து ஊரில் பெண் பேசியிருந்தார்கள். "முதல்லை ஒரு உத்தியோகம் கிடைக்கட்டும்" என்பது பெண் வீட்டாரின் பேச்சு. ஆகையால் வேலையும் கலியாணமும் ஒரு சோடி சப்பாத்துக்குள் வந்து நின்றன.

அப்பா, சித்தப்பா, நான், மூன்று பேரும் வவுனியாக் கடைக்குப் போனோம். முகம் பார்க்கலாம் போல் மினுங்கிய ஒன்றை அப்பா எடுத்துக் கொடுத்தார். சித்தப்பாவின் கால் விரல்கள் விசிறி மாதிரி விரிந்தவை. எப்படியோ திணித்துக்கொண்டு நாலு அடி நடந்தார். கிறீச், கிறீச்.

"அந்தச் சத்தம்தான் தம்பி அசல் தோல் எண்டதுக்கு அத்தாட்சி" என்றார் கடைக்காரர்.

"மரை எழும்பி ஓடுறதுக்கும் அதுதான் முதலாளி அத்தாட்சி."

அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வந்த இடத்திலை வாயைக் குடுக்காதை" என்று பல்லைக் கடித்தார். சித்தப்பா அசையவில்லை. பத்துச் சோடியாவது போட்டுக் கழற்றியிருப்பார். கடைசியில், தட்டின் அடியில் தூசி பிடித்துக் கிடந்த பட்டாளத்துச் சப்பாத்து ஒன்றை இழுத்தெடுத்தார். அடியை வளைத்துப் பார்த்தார், தையலை நகத்தால் நெம்பினார், போட்டுக்கொண்டு குதிக்கால் பக்கம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். தடித்த தோல், இறுக்கமான தோல், ஆனால் சத்தம் இல்லை. இதுதான் என்றார். இரும்பை விலைக்கு வாங்குகிறான் என்று அப்பா வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டம் போட்டார். தை பிறந்து முதல் வெள்ளி பயணம். புதுச் சப்பாத்தை அன்றைக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் காலில் போடவேண்டும். அதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சப்பாத்துப் பரணில் ஏறியது.

இரண்டாம் நாள் பின்னேரமே சித்தப்பா அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனார். வாலைப் பிடித்தது போல் நானும் போனேன். அவர் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். பிறகு ஏறி, ஈரம் காலிலேயே காயும்வரைக்கும் கட்டின்மேல் போவதும் வருவதுமாக நடந்தார். இடைக்கிடை பன்றிக் கொழுப்பைப் பூசினார்.

"ஏன் சித்தப்பா நனைக்கிறியள்?"

"பழக்கிறன் பிள்ளை. பழகாத சப்பாத்து நாய் மாதிரிக் கடிக்கும். வீட்டிலை சொல்லிப்போடாதை, என்ன?"

நான் தலையாட்டினேன். ஐந்தாறு நாள் சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கென்று எனக்கும் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஆசை தாங்காமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் விளையாடினேன். அப்பா கண்டுவிட்டார். பூவரசம் கம்பால் இரண்டு அடி. அடி நோகவில்லை, அநியாயம்தான் நொந்தது.

"எனக்கு மட்டும் அடி! சித்தப்பா புதுச் சப்பாத்தோடை குளத்துக்குள்ளை இறங்குறார், அவருக்கு ஒண்டுமில்லையோ?"

அப்பாவின் கம்பு அந்தரத்தில் நின்றது.

அன்று பின்னேரம் சித்தப்பா சாக்கோடு வர அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வெயில் இல்லாததால் சப்பாத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"அண்ணை, இன்னும் ஒரு கிழமை நடக்க விடுங்கோ. இப்பதான் தோல் இளகுது."

"தேய்ச்சுப் பிய்ச்சுப்போட்டுத் துரைக்கு முன்னாலை பிச்சைக்காரன் மாதிரிப் போய் நிற்கப்போறியோ?"

ஈரத்தோடேயே அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.  அண்ணனை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் சித்தப்பாவுக்கு இல்லை.

பயண வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தால் சப்பாத்துக் காய்ந்து விறகாக இருந்தது. அப்பா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். தோலுக்குச் சந்தனம்! நல்ல நேரம் தவறக்கூடாது என்று அவசரப்படுத்தி மாட்டவைத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

பத்து நாள் என்று போனவர் ஆறாம் நாள் வந்தார். சப்பாத்து இரண்டும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கின. கால்களில் துணிச் சுற்று. முதல் நாளே குதிக்கால் உரிந்ததாம். இரண்டாம் நாள் இரத்தத்தோடு ஏறியிருக்கிறார். மூன்றாம் நாள் கழற்றிப்போட்டு வெறுங்காலோடு ஏறப் பார்க்க, அட்டையும் கல்லுமாய் இருந்த சரிவில் கால் ஊன்ற முடியவில்லை. துரை வேறு ஆளை எடுத்துக்கொண்டார். பெண் வீட்டாரும் வேறு மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். அது நடக்க ஒரு மாதம் சென்றது.

அப்பா சப்பாத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லகாலம், ஒண்டும் பழுதாகேல்லை" என்றார். அவரைச் சொல்லி என்ன. அந்த ஆளின் பேரன்தானே கராஜைப் பூட்டி வைத்திருப்பவன்.

அம்மா சுடுதண்ணீரில் சித்தப்பாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"துரை பொல்லாதவரோ சித்தப்பா?"

"துரை நல்லவர் பிள்ளை. சப்பாத்துத்தான் பொல்லாதது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். யார் அப்பாவிடம் சொன்னது என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கால் புண் மாறியதும் பழையபடி என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் தப்பிவிட்டேன் என்று பெரிய நிம்மதி எனக்கு. அந்தப் பின்னேரங்களில் குளக்கட்டில் அவரோடு நின்றது நான் ஒருத்திதான் என்பது, ஒன்பது வயதுக் கணக்கில் ஏறவில்லை.

பிள்ளை, இஞ்சை வா, உன்ரை கொப்பியைப் பிடி. கண்ணாடியைப் போட்டும் எனக்கு எழுத்து ஆடுது, நீ வாசி. நான் அப்பாட்டைச் சொல்லிக்குடுத்த இடம் வரேக்கை கெதியா ஓடிப்போடாதை. அதை நான் ஒருநாளும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இப்ப ஒருக்கால் என்ரை காதாலை கேக்கோணும்.